கோபம் வந்தால் நெஞ்சு வலித்த டாக்டர்

லண்டனின் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் ஹன்டருக்குக் கோபம் வந்தால் நெஞ்சு வலிக்கும். தன்னைச் சீண்ட நினைக்கும் எந்த அயோக்கியன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவரே சொல்லிவந்தார்.

1793 அக்டோபர் 16. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் அவர் பேச்சை மறுத்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனவர், அங்கேயே சரிந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில், இதய ரத்தக் குழாய்கள் இறுகிப்போயிருந்தது தெரிந்தது. அவருடைய மாணவர் எட்வர்ட் ஜென்னர் (பெரியம்மைத் தடுப்பூசி தந்த அதே ஜென்னர்தான்) இதை முன்பே சந்தேகித்தவர். சொன்னால் குரு கலங்கிவிடுவார் என்று வாய் திறக்கவில்லை!

கோபத்தில் அட்ரினலின் சுரந்து, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு அது பெரும் சுமை. அவசரக் குணத்தைவிட, யாரையும் நம்பாத பகைக் குணமே இதயத்துக்கு அதிகக் கெடுதல் என்றார் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக டாக்டர் ரெட்ஃபோர்ட் வில்லியம்ஸ்.

வரிசையில் ஒருவர் குறுக்கே புகுந்தால் எல்லோருக்கும்தான் எரிச்சல் வரும். சிலர் வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். சிலரோ, 'வேணும்னேதான் செஞ்சான்' என்று ராத்திரி சாப்பாட்டின்போதும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்போது ரத்த அழுத்தம் மறுபடி ஏறும்.