உங்களுக்குத் தெரியுமா? மலையுச்சி ஏரிகளில் ட்ரவுட்

முதுகில் மூட்டையும் கையில் தூண்டில் கோலுமாக ஏறிப் போய், மரங்கள்கூட வளராத உயரத்தில் கிடக்கும் ஏரிகளில் ட்ரவுட் மீன் பிடிப்பது அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பெரும் கோடைக்கால ஈர்ப்பு. அந்த மீன்கள் அங்கே எப்படி வந்தன, எப்படி வாழ்கின்றன, எதை அழித்தன? தெரிந்துகொண்டு ஏறினால் பயணத்துக்கு இன்னும் பொருள் கூடும்.

மீனே இல்லாத ஏரிகள்
அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுமார் 16,000 உயர்மலை ஏரிகள் உள்ளன. அவற்றில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் இயற்கையாக ஒரு மீன்கூடக் கிடையாது. கடைசிப் பனியுகத்தில் பனியாறுகள் பாறையைக் குடைந்த பள்ளங்களே இந்த ஏரிகள். பனியாறுகள் பின்வாங்கியபோது செங்குத்தான அருவிகள் எஞ்சின. கீழே ஆற்றில் இருந்த மீனால் அவற்றைத் தாண்டி மேலேற முடியவில்லை. இன்று அங்கே துள்ளும் ட்ரவுட்டை, அல்லது அதன் மூதாதையை, மனிதர்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

காபிப் பாத்திரத்தில் போன தங்கம்
கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் வாழும் கோல்டன் ட்ரவுட்டின் பூர்விகம் கேர்ன் ஆற்றின் தென்கிளையும் கோல்டன் ட்ரவுட் ஓடையும் மட்டுமே. 1876-ல் கர்னல் ஷெர்மன் ஸ்டீவன்ஸ் என்பவர் அந்தப் பகுதியின் மல்கி ஓடையில் பிடித்த ஒரு டஜன் அளவு மீன்களைக் காபிப் பாத்திரத்தில் போட்டு, தம் மர அறுவை ஆலை அருகே ஓடிய காட்டன்வுட் ஓடையில் விட்டார். அவற்றின் வாரிசுகள் 1891-ல் இன்னும் மேலே இருக்கும் காட்டன்வுட் ஏரிகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. பிற்பாடு மலை முழுவதும் கோல்டன் ட்ரவுட் பரப்ப முட்டை எடுத்தது அந்த ஏரிகளிலிருந்துதான்.

ஜனாதிபதி வரை போன முறையீடு
கோல்டன் ட்ரவுட் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அழிந்துவிடும் என்று அஞ்சிய எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்ட் ஒயிட், நேராக ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டார். ரூஸ்வெல்ட்டின் விருப்பப்படி 1904-ல் மீனியல் அறிஞர் பார்ட்டன் எவர்மன் மலையேறி ஆய்வு செய்தார். 1906-ல் வெளிவந்த அவருடைய அறிக்கையில் ஒரு மீன் வகைக்கு ஒயிட்டின் பெயரும் இன்னொன்றுக்கு ரூஸ்வெல்ட்டின் பெயரும் சூட்டப்பட்டன. 1947-ல் கோல்டன் ட்ரவுட் கலிபோர்னியாவின் மாநில நன்னீர் மீன் ஆனது. 1978-ல் அதன் பெயரிலேயே ஒரு பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியும் உருவானது.

நின்றால் ஆபத்து
அந்தக் காலத்தில் மீன்குஞ்சுகள் மலையேறியது பால் கேன்களில், குதிரை அல்லது கோவேறு கழுதையின் முதுகில். விலங்கு நடக்கும்போது கேனில் தண்ணீர் தளும்பும். அந்தத் தளும்பலில்தான் ஆக்சிஜன் நீரில் கரையும். நெடுநேரம் நின்றுவிட்டால் குஞ்சுகள் மூச்சுத் திணறிச் சாகும். அதனால் ஓய்வெடுக்கும் இடத்திலும் யாராவது தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு மனிதர், 314 ஏரிகள்
1930-ல் பொருளாதார வீழ்ச்சியில் ரயில்வே வேலையை இழந்தவர் ஃபினிஸ் மிட்செல். வயோமிங் மாநிலத்தின் விண்ட் ரிவர் மலைத்தொடர் அடிவாரத்தில் மனைவி எம்மாவுடன் மீன்பிடி முகாம் ஒன்றைத் தொடங்கினார். பக்கத்து ஏரிகள் பலவற்றில் மீன் இல்லை. எனவே குதிரைகளில் பால் கேன்களைக் கட்டி அவரே குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டார். ஏழு ஆண்டுகளில் 314 ஏரிகளில் 25 லட்சம் ட்ரவுட் விட்டதாக அவர் கணக்குச் சொன்னார். அந்த மலைத்தொடரின் ஒரு சிகரத்துக்கு இன்று அவர் பெயர்.

வானத்திலிருந்து விழும் மீன்கள்
இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோவேறு கழுதையின் வேலையை விமானம் எடுத்துக்கொண்டது. யூட்டா மாநிலம் 1956 முதல் இப்படித்தான் மலை ஏரிகளில் மீன் விடுகிறது. ஒரே பறப்பில் 35,000 குஞ்சுகள் வரை போகும். குஞ்சுகளின் நீளம் ஒன்று முதல் மூன்று அங்குலம்தான். உடல் அவ்வளவு சிறிதாக இருப்பதால் காற்றில் மெல்ல மிதந்து நீரில் இறங்குகின்றன. 95 சதவீதம் அளவுக்குப் பிழைத்துக்கொள்கின்றன என்கிறது அம்மாநில வனவிலங்குத் துறை.

உலகின் மிகப் பெரிய கோல்டன் ட்ரவுட்
மலை ஓடைகளில் இந்த மீன் ஒரு சாண் வளர்ந்தாலே பெரிது. ஆனால் 1948-ல் வயோமிங்கின் குக் ஏரியில் பிடிபட்டது 11 பவுண்டு, ஏறத்தாழ 5 கிலோ! இன்றுவரை அதுதான் உலக சாதனை. அந்த மீனின் முன்னோர்களும் கேர்ன் ஆற்றுப் பகுதியிலிருந்து போனவர்களே.

எடை நூலில் இருக்கிறது
சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடைதான் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் கொக்கியின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். அதனால் நூலையே தடிமனாக, எடையோடு செய்கிறார்கள். கோலை முன்னும் பின்னும் வீச, நூல் காற்றில் வளைந்து விரிந்து பூச்சியைத் தூக்கிச் செல்லும். நுனியில் மட்டும் மெல்லிய, கண்ணுக்குத் தெரியாத நரம்பு. மூட்டையோடு மலையேறுபவர்கள் நான்கு துண்டாகக் கழற்றும் ஒன்பது அடிக் கோலை விரும்புகிறார்கள். கழற்றினால் இரண்டரை அடிக்குள் அடங்கிவிடும்.

ரீல் தேவையில்லை
ஜப்பானின் மலை ஓடை மீனவர்களுடைய ‘டென்காரா’ முறையில் ரீலே கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று செருகும் நீண்ட கோல், அதன் நுனியில் கட்டிய நூல், ஒரு போலிப் பூச்சி. அவ்வளவுதான். சுமையை எண்ணி எண்ணிக் குறைக்கும் மலையேறிகளிடம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இது வேகமாகப் பரவியிருக்கிறது.

கம்பளியும் இறகும்
கொக்கியில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் இறகு கட்டி மாசிடோனிய ஆற்றில் மீன் பிடித்தவர்களைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு சுமார் 1,800 ஆண்டுகள் ஓடிவிட்டன. அடிப்படை உத்தி மாறவில்லை.

மீனின் வட்ட ஜன்னல்
நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளி விலகலால் உண்டாகும் அந்த வட்டத்தின் கோணம் சுமார் 97 டிகிரி. கரையில் தாழ்வாக இருப்பவை அதன் விளிம்பில் நசுங்கி மங்கிப்போகும். நிமிர்ந்து நிற்கும் ஆள் தெளிவாகத் தெரிவார். கண்ணாடியாய்த் தெளிந்த மலை ஏரியில் அனுபவசாலிகள் குனிந்தும் மண்டியிட்டும் கரையை நெருங்குவது இதனால்தான்.

ஓடையில் காவல், ஏரியில் ரோந்து
ஓடையில் ட்ரவுட் ஓரிடத்தில் நிற்கும். நீரோட்டம் உணவைக் கொண்டுவந்து தரும். ஏரியில் ஓட்டம் இல்லை. மீன்தான் தேடி அலைய வேண்டும். ஆகவே அது கரையோரமாகச் சுற்றி வரும். அது போகும் வழியைக் கவனித்து, முன்கூட்டியே பூச்சியை இறக்கிக் காத்திருப்பதே ஏரியில் பலன் தரும் முறை. ஓடை வந்து ஏரியில் கலக்கும் வாயும், ஆழமில்லாத இடம் சட்டென்று ஆழமாகும் விளிம்பும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

காற்று பரிமாறும் விருந்து
பகலில் வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி வீசும். எறும்பு, வண்டு, ஈ என்று கீழ்க்காட்டுப் பூச்சிகளை அது அள்ளிவந்து ஏரியில் கொட்டும். உயரத்தில் உணவு அரிது என்பதால் ட்ரவுட் இதை விடுவதில்லை. கறுப்பு எறும்பு வடிவப் போலிப் பூச்சி மலையேறிகளின் பெட்டியில் தவறாமல் இருப்பதற்குக் காரணம் இந்தக் காற்று.

24 வயது மீன்
புரூக் ட்ரவுட் வழக்கமாக வாழ்வது சில ஆண்டுகளே. ஆனால் சியராவின் பன்னி ஏரியில் விடப்பட்ட புரூக் ட்ரவுட்களைத் தொடர்ந்து ஆராய்ந்த நார்மன் ரைமர்ஸ், அவை 24 வயது வரை வாழ்ந்ததை 1979-ல் பதிவு செய்தார். கடுங்குளிரும் அரைவயிறும் வளர்ச்சியை முடக்கி, ஆயுளை நீட்டிவிட்டன. மலை ஏரியில் கையில் சிக்கும் சின்ன மீன், வயதில் பெரியதாக இருக்கலாம்.

பனிக்கு அடியில் உயிர்
நீர் மிகவும் அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறையும். அடியில் 4 டிகிரி நீர் உறையாமல் நிற்கும். ஆழமான ஏரியில் ட்ரவுட் குளிர்காலத்தைக் கடப்பது அங்கேதான். சியராவின் உயர ஏரிகள் பலவற்றில் ஜூன், ஜூலை வரைகூடப் பனிமூடி விலகாது.

பற்பசைக்கும் பூட்டு
யோசெமிட்டி தேசியப் பூங்காவின் வனப்பகுதியில் இரவு தங்குபவர்கள், கரடியால் திறக்க முடியாத டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும். பற்பசை, சோப்பு போன்ற வாசனைப் பொருள்களும் அதற்குள்தான். ஏரி நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கக்கூடும். கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடியுங்கள். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், எனவே சோறு வேகத் தாமதமாகும். பிற்பகலில் இடி கேட்டால் தூண்டிலைக் கீழே வைத்துவிடுங்கள். கார்பன் இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

மௌனமான தவளைகள்
இந்தக் கதையின் வலி இங்கே இருக்கிறது. சியராவின் மஞ்சள் கால் மலைத்தவளைகள் ஒரு காலத்தில் ஏரிக்கரையெங்கும் நிறைந்திருந்தன. அவற்றின் தலைப்பிரட்டைகள் தவளையாக இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகும். அதனால் அடிவரை உறையாத ஆழமான ஏரி அவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். ட்ரவுட் விடப்பட்டதும் அதே ஏரிகளில்தான். மீன்கள் தலைப்பிரட்டைகளைத் தின்றன. பிறகு கைட்ரிட் பூஞ்சை நோயும் தாக்கியது. பழைய வாழிடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தத் தவளைகள் மறைந்தன. 2014-ல் அவை அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களாக அறிவிக்கப்பட்டன.

பறவைக்கும் பட்டினி
மலைச்சிகரங்களில் வாழும் ரோஸி ஃபிஞ்ச் குருவிகள், ஏரியிலிருந்து பறந்தெழும் மேஃப்ளை பூச்சிகளைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். ட்ரவுட் உள்ள ஏரிகளில் அந்தப் பூச்சிகள் வெளிவருமுன்பே மீனுக்கு இரையாகின்றன. மீன் இல்லாத ஏரிகளிலேயே குருவிகள் மிக அதிகமாகக் கூடுகின்றன என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது.

திருப்பிக் கொடுத்த ஏரிகள்
யோசெமிட்டி பூங்கா 1991-ல் ஏரிகளில் மீன் விடுவதை நிறுத்தியது. கிங்ஸ் கேன்யன் பூங்காவில் உயிரியலாளர் வான்ஸ் விரடன்பர்க் சில ஏரிகளிலிருந்து வலைபோட்டு ட்ரவுட்டை முழுவதும் அகற்றிப் பார்த்தார். சில ஆண்டுகளிலேயே தவளைகள் பெருகின. 2004-ல் இந்த முடிவு வெளியானபின், தேர்ந்தெடுத்த ஏரிகளை மீன் இல்லாதவையாக மாற்றும் பணி தொடர்கிறது. மற்ற பல நூறு ஏரிகளில் ட்ரவுட் இருக்கிறது, மீன்பிடிப்பும் நடக்கிறது. இரண்டுக்கும் மலையில் இடம் உண்டு.

காஷ்மீரின் ஏரிப் பாதை
சோனமார்க்கிலிருந்து நாரநாக் வரை பல நாட்கள் நடக்கும் காஷ்மீர் பெரிய ஏரிகள் மலைப்பாதையில் விஷன்சர், கிருஷ்ணசர், கங்காபல் முதலிய ஏரிகளில் ட்ரவுட் உண்டு. அவற்றின் கதையும் சுமந்து வந்த கதைதான். 1899-ல் பிரிட்டனிலிருந்து அனுப்பிய முட்டைகள் வழியிலேயே கெட்டன. அடுத்த ஆண்டு வந்தவை பிழைத்தன. இங்கே மீன் பிடிக்க மீன்வளத் துறை அனுமதி அவசியம்.

அவலாஞ்சிக்கு வந்த ட்ரவுட்
நீலகிரியில் ட்ரவுட் வளர்க்க 1860-களிலேயே முயன்றவர் மீனியலாளர் பிரான்சிஸ் டே, பலிக்கவில்லை. எச்.சி. வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தபின்தான் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது. முட்டைகள் இலங்கை, நியூசிலாந்து வழியாக வந்தன. அந்த இனத்தின் தாயகமோ பசிபிக் கரை.

விட்ட மீன் பிழைக்க
பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால், முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை, மீனை நோயிலிருந்து காக்கும் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். எதிர்முள் இல்லாத கொக்கியைப் பயன்படுத்துங்கள்; யெல்லோஸ்டோன் பூங்காவில் அது சட்டமே. செவுளைத் தொடாதீர்கள். கொக்கியை நீருக்குள் வைத்தே கழற்றுங்கள். நீரின் வெப்பம் 20 டிகிரியை நெருங்கினால் ட்ரவுட் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். அன்று தூண்டில் வேண்டாம்.

ஒரு மீனையும் இடம் மாற்றாதீர்கள்
காபிப் பாத்திரத்திலும் பால் கேன்களிலும் மீன் போனதால் ஒரு மலையின் உயிர்ச்சூழலே மாறியது. அன்று அதன் விளைவு யாருக்கும் தெரியாது. இன்று நமக்குத் தெரியும். உயிருள்ள மீனை ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பல இடங்களில் அது குற்றமும்கூட. காலணியையும் வலையையும் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே அடுத்த நீர்நிலைக்குப் போங்கள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நோயும் அயல் நத்தையும் பயணம் செய்யும். புறப்படுமுன், எந்த ஏரியில் மீன் உண்டு, எது தவளைக்காக ஒதுக்கப்பட்டது என்று வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் உள்ள ஏரியில் ஆசைதீரத் தூண்டில் வீசுங்கள். தவளைக்குத் திருப்பித் தந்த ஏரியில் அதைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.