வட்டியில்லா வங்கி: இலாபக் கணக்கு சொல்வது என்ன?



ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையைக் கண்டிருப்பீர்கள். குதிரையும் மாடும் கைமாறும் அங்கே, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஒரு பொருள் நிற்கிறது. வட்டிக் கடையிலோ, கொடுத்த பணத்துக்கும் திரும்பும் பணத்துக்கும் நடுவே காலம் ஒன்றே நிற்கிறது. வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியை விலக்கிய நம் மார்க்கம் காட்டும் வேறுபாடு இது.

'வட்டியை நீக்கினால் வங்கி எவ்வாறு பிழைக்கும்?' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கறவை மாட்டையே எடுத்துக்கொள்வோம். வங்கி அதனை ரூ.50,000-க்குத் தானே வாங்கி, அடக்க விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகக் கூறி, உங்களுக்கு ரூ.55,000-க்கு விற்கிறது. மாதம் ரூ.5,500 வீதம் பத்துத் தவணை. இதற்கு முராபஹா என்று பெயர். தவணை தாமதமானாலும் விலை ஏறாது. உங்களுக்கு விற்குமுன் மாடு இறந்துவிட்டால் நட்டம் வங்கியைச் சேரும். அந்தப் பொறுப்பைச் சுமப்பதாலேயே அந்த ரூ.5,000 வணிக இலாபமாகிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மலேசியாவில் 1983-இல் தனிச் சட்டத்தின் கீழ் பேங்க் இஸ்லாம் தொடங்கியது. 1993-இல் வழக்கமான வணிக வங்கிகளும் தம் கிளைகளிலேயே வட்டியில்லாப் பிரிவு நடத்த வழி பிறந்தது. பல வங்கிகள் பின்னர் அப்பிரிவுகளைத் தனி வங்கிகளாகவே வளர்த்தன. இன்று அந்நாட்டு வங்கித் துறைச் சொத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இம்முறையில் இயங்குகிறது. முஸ்லிமல்லாதாரும் வாடிக்கையாளராக உள்ளனர். நம் அண்டை நாடான இலங்கையில், அமானா வங்கி 2011 முதல் முழுமையான வட்டியில்லா வணிக வங்கியாக நடந்து வருகிறது.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது. வெளியே வட்டி விகிதம் உயரும்போது, முன்பே விலை பேசி விற்ற பொருளின் வருவாய் உயர்வதில்லை. வைப்பாளர்களோ அதிகப் பங்கை எதிர்பார்க்கின்றனர். அவர்களைத் தக்கவைக்க வங்கி தன் இலாபத்தையே விட்டுக்கொடுக்க நேர்கிறது. 2008-ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடியின் முதல் அடியை இவ்வங்கிகள் ஓரளவு நன்றாகவே தாங்கின. ஆனால் நிலம், கட்டடத்தில் அளவுமீறி முடக்கியவை அடுத்த ஆண்டில் இடர்ப்பட்டன. வட்டியில்லை என்பதாலேயே நட்டமில்லை என்றாகிவிடாது.

நம் நாட்டின் நிலை என்ன? 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், வங்கிகள் பொருள்களை வாங்கி விற்பதைத் தடுக்கிறது. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் வட்டியில்லா வங்கிமுறையைப் பரிந்துரைத்தது. எனினும் 2017-இல் ரிசர்வ் வங்கி அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என்று தெரிவித்துவிட்டது.

இந்த இடைவெளியில்தான் 'ஹலால் இலாபம்' என்ற பெயரில் மாதந்தோறும் நிலையான தொகை தருவதாகச் சிலர் நம் வாசலுக்கு வருகின்றனர். பெண்மக்களின் நகையும் பெரியவர்களின் ஹஜ் சேமிப்பும் அவர்கள் கைக்குப் போகுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பணம் எந்த வணிகத்தில் இறங்குகிறது? நட்டம் வந்தால் யார் ஏற்பர்? கணக்கைத் தணிக்கை செய்வது யார்? இலாபம் முன்கூட்டியே உறுதி என்று எவரேனும் சொன்னால், அது வட்டியின் மறுபெயர். அல்லது மோசடியின் முதற்படி.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கணக்கைக் கேளுங்கள். அமானிதத்தைப் பேணுவதும் மார்க்கக் கடமையே அன்றோ!