ஓடம் வண்டியில் ஏறும்போது

“ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்” என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. வாழ்வில் தாழ்வும் உயர்வும் மாறி மாறி வரும் என்பதை உணர்த்தவே அவர்கள் அவ்வாறு கூறினர். ஆயினும், இக்கட்டுரையில் அப்பழமொழியின் நேர்ப்பொருளை மட்டுமே நாம் எடுத்துக்கொள்வோம். ஓடம் உண்மையாகவே வண்டியில் ஏறும்போது அதனை எவ்வாறு கட்ட வேண்டும் என்பதே நமது வினா.

தோட்டப் பள்ளியின் ஆண்டு மலரில் படகைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று பெற்றோர் சிலர் வியப்படையலாம். நம் நாட்டில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதையும், அக்காலத்தில் ஆறுகள் கரைபுரண்டு ஓடுவதையும் அனைவரும் அறிவோம். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான் மாநிலம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரிலும் வெள்ளம் புகுந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டின் மேல்மாடிகளில் உதவியை எதிர்நோக்கிக் காத்திருந்தனர். அவ்வேளையில் பொதுமக்கள் பலர் தங்கள் சிறு படகுகளைக் கொண்டு வந்து உதவினர். வெள்ளத்தில் மிதக்க வேண்டிய படகு, முதலில் சாலையைக் கடந்து வர வேண்டியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறுதல் பொருந்தும். அது மழைக்காலத்துக் காலை வேளை. ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றில் வெள்ளம் புகுந்த செய்தி கேட்டு, நல்லுள்ளம் படைத்த ஒருவர் தம் மோட்டார்ப் படகை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு நம் தோட்டச் சாலை வழியே விரைந்தார். படகின் முன்புறம் ஒரே ஒரு கொக்கியில் மாட்டப்பட்டிருந்தது. பின்புறத்தில் துணி காயப்போடும் நைலான் கயிறு இரண்டு சுற்று. பள்ளி வாயிலுக்கு அருகிலுள்ள மேட்டில் வண்டி ஏறி இறங்கியதும், கொக்கி கழன்றது, கயிறு அறுந்தது, படகு பின்னோக்கிச் சரிந்து சாலையில் விழுந்தது. அதற்குச் சற்றுப் பின்னால், தம் மகளைப் பள்ளியில் விட மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தார் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர். அவர் சட்டென்று நிறுத்தியதால் இருவரும் உயிர் பிழைத்தனர். இடைவெளி பத்தடிகூட இருக்காது. படகின் எஞ்சின் உடைந்தது. அன்று அப்படகு வெள்ளத்தைக் காணவே இல்லை.

உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் அந்த நண்பருக்குக் குறையேதும் இல்லை. கட்டும் முறையில்தான் குறை இருந்தது.

மாணவர்களே, ஓடும் பேருந்து திடீரென நின்றால் நம் உடல் முன்னால் சாய்கிறது. நின்ற பேருந்து திடீரெனக் கிளம்பினால் பின்னால் சாய்கிறது. வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் சாய்கிறது. பொருள்கள் தாம் இருந்த நிலையிலேயே இருக்க முயலும் இவ்வியல்பை அறிவியலார் சடத்துவம் என்பர். படகுக்கும் இதே விதிதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. அவ்வேகத்தில் செல்லும் 300 கிலோ எடையுள்ள படகை, அதன் எடை மட்டுமே இருந்த இடத்தில் இருத்தி வைத்துவிடாது. முன், பின், மேல், பக்கம் ஆகிய எத்திசையிலும் அது நகர முயலும். ஆகவே, ஒவ்வொரு திசைக்கும் ஒரு கட்டு வேண்டும். ஒரு கட்டு அறுந்தால் தாங்குவதற்கு மற்றொன்றும் வேண்டும். இதுவே இக்கலையின் அடிப்படை.

முதலாவது, முன்கட்டு. படகின் மூக்கு, இழுவண்டியின் முன்னுள்ள ரப்பர்த் தடுப்பில் நன்கு படியும்வரை சுழற்றி இழுக்கும் பட்டையால் இறுக்க வேண்டும். அத்துடன் நின்றுவிடலாகாது. படகின் மூக்கிலுள்ள இரும்பு வளையத்திலிருந்து தனியாக ஒரு சங்கிலியை இழுவண்டியின் சட்டத்தில் மாட்ட வேண்டும். பட்டை அறுந்தாலும், கொக்கி கழன்றாலும் சங்கிலி படகைப் பிடித்துக்கொள்ளும். நாம் கண்ட படகில் இல்லாதது இச்சங்கிலியே.

இரண்டாவது, பின்கட்டு. படகின் பின்புறத்தில் இடமும் வலமும் உள்ள வளையங்களிலிருந்து இரண்டு தனித்தனிப் பட்டைகளைக் கீழ்நோக்கி இழுத்து, இழுவண்டியின் இரும்புச் சட்டத்தோடு இறுக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது படகு துள்ளாமல் காப்பவை இவையே. நைலான் கயிறு இழுபட்டு நீளும். ரப்பர்க் கயிறோ நீள்வதற்கென்றே செய்யப்பட்டது. எனவே, இவ்விரண்டும் இவ்வேலைக்கு உதவா. லோரிகளில் பாரம் கட்டப் பயன்படும், பல்சக்கரத்தால் இறுக்கும் பாலியெஸ்டர் பட்டையே ஏற்றது. பட்டையைப் படகின் மேலே குறுக்காகப் போடுவதாயின், விளிம்பில் படும் இடத்தில் பழைய ரப்பர்த் துண்டு ஒன்றை வைக்க வேண்டும். பட்டையை ஒரு முறை முறுக்கிப் போட்டால் காற்றில் படபடக்காது. மிச்சமுள்ள நுனியைச் சக்கரத்தில் சிக்காதவாறு முடிந்துவிட வேண்டும்.

மூன்றாவது, இழுக்கும் வண்டியோடு உள்ள இணைப்பு. இணைப்புக் குண்டின் அளவும் அதன்மேல் கவிழும் கிண்ணத்தின் அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அளவு தவறினால் மேட்டில் கிண்ணம் கழன்றுவிடும். பூட்டை அழுத்தி ஊசியைச் செருகிய பின், இரண்டு சங்கிலிகளை இணைப்பின் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். அப்போது கிண்ணம் கழன்றாலும் இழுவண்டியின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலிகளின் மேல் தங்கும். மேலும், படகோடு சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு அந்த இணைப்பின்மீது அமர வேண்டும். பாரம் பின்னால் மிகுந்தால், வேகத்தில் இழுவண்டி பாம்பு போல் நெளியும்.

நான்காவது, எஞ்சினும் உட்பொருள்களும். எஞ்சினின் அடிப்பகுதி சாலையில் இடிக்காதவாறு உயர்த்தி, ஒரு முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். உயிர்காப்புச் சட்டை, துடுப்பு, இருக்கை மெத்தை போன்றவை காற்றில் பறந்து பின்வருவோர் முகத்தில் அடிக்கும். அவற்றை வண்டிக்குள் வைத்தல் நன்று. படகின் அடியிலுள்ள நீர்வடி துளையின் அடைப்பானைப் பயணத்தின்போது கழற்றிவிட வேண்டும். மழைநீர் 100 லிட்டர் தேங்கினால் 100 கிலோ எடை கூடும் அன்றோ? ஆனால், படகை நீரில் இறக்குமுன் அடைப்பானை மறவாமல் மாட்டுதல் வேண்டும். மறந்தால் மீட்கப் போன படகே மூழ்கும். கழற்றிய அடைப்பானை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்தால் மறதிக்கு இடமில்லை.

எல்லாம் முடிந்த பின் எளிய சோதனை ஒன்று உண்டு. படகைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். படகு மட்டும் அசைந்தால் கட்டு போதாது; படகும் இழுவண்டியும் ஒன்றாக அசைந்தால் கட்டு சரியே. விளக்குகளையும் சக்கரங்களின் காற்றையும் பார்த்துப் புறப்பட்டு, முதல் பத்து நிமிடத்தில் ஒரு முறை நிறுத்தி, பட்டைகளை மீண்டும் இறுக்க வேண்டும். பாரம் இழுக்கும் வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும் என்பதால், முன்செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிட மிகுந்த இடைவெளி விடுதல் அவசியம். சாலையில் செல்லும்போது படகினுள் எவரும், குறிப்பாகச் சிறுவர்கள், அமர்ந்து செல்லவே கூடாது.

படகு நம்மிடம் இல்லையே என்று சிலர் கூறலாம். ஆயினும் டிராக்டரில் செம்பனைக் குலை ஏற்றுகிறோம். வீடு மாறும்போது லோரியில் அலமாரியும் கட்டிலும் ஏற்றுகிறோம். பொருள் வேறாயினும் விதி ஒன்றே. குலைகளின் மேல் வலை விரிக்கும் தொழிலாளி, தமக்குப் பின்னால் வரும் முகமறியாத ஒருவரின் உயிரைக் காக்கிறார்.

மாணவச் செல்வங்களே! இன்று வகுப்பில் ஒரு நோட்டுப்புத்தகத்தின் மேல் உங்கள் பென்சில் பெட்டியை வைத்து, புத்தகத்தைச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். பிறகு பெட்டியை நூலால் முன்னும் பின்னும் கட்டி இழுத்துப் பாருங்கள். கண்ட வேறுபாட்டை வீட்டில் பெற்றோரிடம் கூறுங்கள். அன்று பள்ளி வாயிலில் உயிர் தப்பிய சிறுமியும் உங்களைப் போன்ற ஒருத்தியே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.