பழைய ஒலிபெருக்கியும் அதன் பிரிசுற்றும்

ஒலியைப் பரப்பும் கருவிகளுள் ஒலிபெருக்கியைப் போல எளிமையும் நுண்மையும் ஒருங்கே வாய்ந்தவை சிலவே. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள். அச்சுருளோடு ஒட்டிய ஒரு கடதாசிக் கூம்பு. இவையே அதன் உயிர்நிலை. அமெரிக்கப் பொறியியலறிஞர் றைசும் கெலொக்கும் இவ்வமைப்பைத் திருத்தமுற ஆக்கி 1925 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொழும்பில் வானொலி நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டிலாகும்.

கொக்குவிலிலும் அயலூர்களிலும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் சில வீடுகளில் இன்றும் உள. அவற்றுட் பல நெடுங்காலம் பேசாதிருந்தவை. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் தடைப்பட்டபின், மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பெரிய பெட்டிகளை இயக்க அவ்வாற்றல் போதாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தனர். வீடுகளும் பொருள்களும் ஆளின்றிக் கிடந்தன. எஞ்சிய பெட்டிகளை எறிந்துவிடுதல் எளிது. செப்பனிடுவதெனின் எங்ஙனம் செய்தல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பயன்படுத்தாத பொருள் கெடாது என எண்ணுதல் தவறு. 1970 ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் வந்த பெட்டிகள் பலவற்றிற் கூம்பின் விளிம்பு நுரைப்பொருளால் ஆயது. ஈரக்காற்றுப் பட்டு அது பத்திருபது ஆண்டுகளிற் பொடியாய் உதிரும். கடனீரேரி சூழ்ந்த இந்நாட்டின் மாரிக்காலம் அதற்குப் பகையே. துணி விளிம்பும் இறப்பர் விளிம்பும் நெடுநாள் நிற்பன. உதிர்ந்த விளிம்பை நீக்கிப் புதியதை ஒட்டும்போது, சுருள் காந்த இடைவெளியின் நடுவே நிற்றல் இன்றியமையாதது. நடுவிலுள்ள தூசிமூடியை மெல்ல அகற்றி, சுருளுக்கும் காந்த முனைக்கும் இடையே மெல்லிய கடதாசித் துண்டுகளைச் சுற்றிவரச் செருகிப் பசை காயும்வரை விடுதல் வேண்டும். பின்னர்க் கூம்பை விரல்களால் ஒப்ப அழுத்தினால் உராயும் ஓசை எழலாகாது.

கண்ணுக்குப் புலனாகும் இக்கேட்டினும் புலனாகாத கேடு பெரிது. அது பிரிசுற்றில் நிகழ்வது. பெரிய கூம்பு பாரமுடையதாதலின் விரைந்த அதிர்வுக்கு இசையாது; சிறிய கூம்பு தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ளமாட்டாது. ஆதலால் நல்ல பெட்டிகளில் இரண்டும் வைக்கப்பட்டு, உரிய ஒலி உரிய கூம்புக்குப் பகிரப்படுகின்றது. பகிரும் உறுப்பே பிரிசுற்று; வழக்கில் இது குறொஸ்ஓவர் எனப்படும். கொள்ளளவி, மீடிறன் உயர உயர மின்னோட்டத்தை எளிதிற் செல்லவிடும். தூண்டற்சுருள் அதற்கு மாறாகத் தடுக்கும். எனவே சிறிய கூம்புக்கு முன்னே கொள்ளளவியும், பெரிய கூம்புக்கு முன்னே சுருளும் அமைகின்றன.

8 ஓம் ஒலிபெருக்கிகளைச் செக்கனுக்கு 3000 அதிர்வு என்னுமிடத்திற் பிரிக்க வேண்டுமெனக் கொள்வோம். மிக எளிய சுற்றுக்கு ஏறத்தாழ 6.6 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியும் 0.42 மில்லிஎன்றிச் சுருளும் தேவை. செப்புச் சுருள் எளிதில் முதுமையடையாது. கொள்ளளவியோ பெரும்பாலும் மின்பகு நீர்மம் தோய்ந்த வகையினது. ஆண்டுகள் செல்ல உலர்வது. அது 4 மைக்கிரோபரட்டாகக் குறையின், சிறிய கூம்பு தொழில் தொடங்குமிடம் 5000 அதிர்வளவுக்கு ஏறிவிடும். பெரிய கூம்போ முன்போல 3000 அளவிற் பின்வாங்கும். இடையில் ஒலி பள்ளமாகும்.

இப்பள்ளத்தால் வரும் நட்டம் யாது? கொக்குவிலின் அயலூராகிய இணுவில் நாதசுர தவில் மரபுக்குப் பெயர்போனது. அங்குப் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். இன்று அவரைக் கேட்க ஒலிப்பதிவையன்றி வழியில்லை. தவிலின் வலந்தலையைக் கூடணிந்த விரல்களாலும் தொப்பியைக் கழியாலும் வாசிப்பர். வலந்தலைச் சொற்களின் கூர்மை உயர்ந்த மீடிறன்களிலும், தொப்பியின் முழக்கம் தாழ்ந்த மீடிறன்களிலும் தங்கியுள்ளன. பிரிசுற்றுப் பழுதாயின் வலந்தலை மழுங்கி முழக்கமே மிஞ்சும். அவரை நேரிற் கேட்டறியாத இளைஞன் அதனையே அவருடைய வாசிப்பு என நம்பிவிடுவான்.

இனி, செப்பனிடுவோர் பலர் தவறுமிடம் ஒன்றுண்டு. பழைய கொள்ளளவிக்கு உள்ளே சிறிது தடை இயல்பாகவே உண்டு. ஆக்கியோன் அதனையுங் கணக்கிற் கொண்டே சுற்றை அமைத்திருத்தல் கூடும். இக்காலத்துப் பொலிப்புறொப்பிலீன் வகையில் அத்தடை மிகச் சிறிது. ஆதலின் விலையுயர்ந்த புதிய உறுப்பை வைத்தவுடன் உயரொலி அளவுக்கு மிஞ்சிச் சீறுதலும் உண்டு. அப்போது அரை ஓம் அளவான சிறு தடையைத் தொடராக இணைத்தல் பயன்தரும். இரும்பகட்டுச் சுருளை எடுத்து வெறுஞ்சுருளை இடுவோரும் அதன் கம்பித் தடையை ஒப்பிட்டறிதல் வேண்டும்.

வால்வு வானொலிகளிலும் இந்நெறியே பொருந்தும். அவற்றுட் சிலவற்றில் ஒலிபெருக்கியின் காந்தமே மின்சுருளால் ஆயது. அச்சுருள் மின்வழங்கற் பகுதியில் இரைச்சலை அடக்கும் தொழிலையும் புரியும். அதனை அறியாது நிலைக்காந்த ஒலிபெருக்கியை மாற்றியிட்டால் வானொலி இயங்காது. அங்குள்ள மின்னழுத்தம் உயிருக்கு ஆபத்தானதாதலின் பழகாதோர் தொடுதல் ஆகாது.

வீட்டில் இப்பணியை மேற்கொள்வோர் முதலிற் பெட்டியினுள்ளே உள்ள இணைப்பை உள்ளவாறே வரைந்துகொள்க. இரண்டு பெட்டிகளுள் ஒன்றை முதலிற் செப்பனிட்டு, மற்றையதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்க. பற்றாசு வைக்குமுன் ஒவ்வொன்றையும் அளந்து குறிக்க. 1.5 வோற்று மின்கலத்தைக் கணநேரம் தொடுத்துப் பார்த்தால், ஒத்த முனையில் இரு பெரிய கூம்புகளும் ஒரே திசையில் அசைதல் வேண்டும். மாறின் தாழொலி மெலியும்.

இங்ஙனம் பார்க்கின், செப்பனிடுவோனுக்குக் கைத்திறனினும் அடக்கம் பெரிதும் வேண்டப்படுகின்றது. தன் விருப்பிற்கேற்ப ஒலியை மாற்றுதற்கு முன், ஆக்கியோன் கருதியது யாதென அவன் வினவுதல் வேண்டும். ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போர் தமக்குப் பிடித்த சொல்லைப் பெய்து பாடத்தைத் திரித்தல் பிழையென்பதை நம் பதிப்பாசிரியர் நன்கு உணர்ந்திருந்தனர். மறைந்தோரின் குரலையும் வாசிப்பையும் வழங்கும் இப்பெட்டிகளும் அத்தகைய பேணலுக்கு உரியனவே.