பழைய ஜீப்புக்குப் பெரிய கார்புரேட்டர் வேணுமா?

"பெரிய கார்புரேட்டர் மாட்டினா பவர் எகிறும்" என்று யாராவது சொன்னா, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க.

1953-இல் வந்த வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பை எடுத்துக்கலாம். 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அந்த 2.2 லிட்டர் காற்றை இழுக்கும். 4,000 ஆர்பிஎம், 80 சதவீத வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி என்று வைத்தால், 2.2 × 2,000 × 0.8 = நிமிடத்துக்கு 3,520 லிட்டர். அதாவது சுமார் 124 சிஎஃப்எம். அவ்வளவுதான் தேவை.

இதுக்கு 300 சிஎஃப்எம் கார்புரேட்டர் மாட்டினா? வென்சுரி அகலமாக இருப்பதால் காற்றின் வேகம் குறையும். அழுத்தம் போதுமான அளவு இறங்காது. ஜெட்டிலிருந்து பெட்ரோல் சரியாக வராது. நெடுஞ்சாலையில் இது பெரிசா தெரியாது. ஆனா 1,000 ஆர்பிஎம்மில் பாறை மேல ஊர்ந்து ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிச்சா, இன்ஜின் தடுமாறி அணைஞ்சிடலாம். செங்குத்தான ஏற்றத்துல அப்படி ஆனா வண்டி பின்னாடி உருளும். அது உயிர் விஷயம்.

ஃப்ளோட் லெவலையும் கவனிங்க. அதிகமாக இருந்தா, சாய்வில் பெட்ரோல் வழிந்து மிக்சர் ரிச் ஆகும்.

ஆஃப்-ரோடுக்கு உச்ச பவரை விட, குறைந்த ஆர்பிஎம்மில் நிற்காம ஓடுறதுதான் முக்கியம். கணக்குக்கு நெருக்கமான அளவையே வாங்குங்க.