முகப்பு விளக்கு

பகலெல்லாம் பறித்து மூட்டை கட்டிய காய்கறிகள் இரவிலேதான் பயணம் புறப்படுகின்றன. ஒட்டன்சத்திரச் சந்தையில் ஏற்றப்படும் தக்காளியும் முருங்கையும் விடியுமுன் கேரளத்து ஊர்களை அடைய வேண்டும். சென்னைக் கோயம்பேட்டுச் சந்தைக்கு வரும் கீரையும் பூவும் கதிரவன் எழுமுன் வந்து சேர வேண்டும். ஊர் உறங்கும் நேரத்தில் இச்சுமையைத் தாங்கி ஓடுபவை லாரிகளும் சிறு சரக்கு வண்டிகளும் ஆகும். முன்னே ஓட்டுநர் அமரும் அறையும், பின்னே திறந்த தளமும் உடைய சிறு வண்டிகளைப் 'பிக்கப்' வண்டி என மக்கள் வழங்குவர்.

இவ்வண்டிகளுக்கு இரவில் கண்ணாக அமைவன முகப்பு விளக்குகள். 'ஹெட்லைட்' என ஓட்டுநர் கூறுவது இவற்றையே. விளக்கு மங்கிவிட்டால், அதனைக் கழற்றிவிட்டுப் பேரொளி தரும் புதிய விளக்கைப் பொருத்தவே பலரும் விரும்புவர். கடைகளிலும் வெவ்வேறு விலையில் பலவகை விளக்குகள் கிடைக்கின்றன. ஆனால், விளக்கை மாற்றுதல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகுவதோடு முடிவதன்று. அதனுள் ஒளியின் இயல்பும் மின்சாரத்தின் இயல்பும் அடங்கியுள்ளன. அவற்றினும் மேலாக, எதிரே வருபவரின் உயிரும் அதனைச் சார்ந்துள்ளது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், குதிரை வண்டியில் எரிந்த எண்ணெய் விளக்கே அதன் முகப்பிலும் எரிந்தது. வண்டி வருவதைப் பிறருக்கு அறிவிக்க அவ்விளக்கு உதவியதேயன்றி, வழியைத் தெளிவாகக் காட்ட உதவவில்லை. பின்னர்க் கால்சியம் கார்பைடின்மேல் நீரைச் சொட்டவிட்டு, அதிலிருந்து எழும் அசிட்டிலீன் வாயுவை எரித்தனர். ஒளி மிகுந்தது, ஆயினும் இருட்டும்தோறும் ஒருவர் இறங்கிச் சென்று விளக்கேற்ற வேண்டியிருந்தது. அமெரிக்க நாட்டுக் காடிலாக் வண்டிகள் 1912ஆம் ஆண்டில் என்ஜினைக் கிளப்பவும் விளக்கை எரிக்கவும் மின்சாரத்தைப் பயன்படுத்தின. பல்பும் ஆடியும் கண்ணாடி மூடியும் ஒன்றாக அடைக்கப்பட்ட வட்ட விளக்குகள் 1940ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு வண்டிகளில் இடம்பெற்றன. ஐரோப்பாவில் 1962இல் ஹாலோஜன் விளக்கும், 1991இல் செனான் விளக்கும் வந்தன. 2007இல் எல்.இ.டி. முகப்பு விளக்கும் வண்டிகளில் ஏறியது.

இவ்வாறு ஒளி பெருகப் பெருக, புதிய இடர் ஒன்றும் உடன் வளர்ந்தது. ஓட்டுநருக்கு வழிகாட்டும் ஒளியே எதிரே வருபவரின் கண்ணை மறைக்கலாயிற்று. ஆதலால், ஒளியைப் பெருக்குவதோடு அறிஞர்கள் நிற்கவில்லை. அதனை வேண்டிய இடத்தில் செலுத்தவும், வேண்டாத இடத்தில் தடுக்கவும் வழி தேடினர். முகப்பு விளக்கின் நுட்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஹாலோஜன் விளக்கின் உள்ளே கிண்ணம் போன்ற ஆடி ஒன்று உண்டு. பழைய முறை விளக்குகளில் இந்த ஆடி பரவளையம் என்னும் வளைவை உடையது. அவ்வளைவுக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அதன் குவியத்தில் ஒளி தரும் பொருளை வைத்தால், ஆடியிற் பட்டுத் திரும்பும் கதிர்கள் இணைகோடுகளாக நேரே முன்னோக்கிச் செல்லும். சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் எச்4 என்னும் வகைப் பல்பு பொருத்தப்பட்டுள்ளது. அதனுள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் உள்ளன. ஓர் இழை குவியத்தின் அருகே அமைந்தது. அது நெடுந்தொலைவு ஒளி வீசும். மற்றோர் இழை அதற்குச் சற்று முன்னே அமைந்தது. அதன் அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று ஏந்தியிருக்கும். இழையின் ஒளி ஆடியின் கீழ்ப்பாதியிற் பட்டால் மேல்நோக்கித் திரும்பிவிடும். அவ்வாறு படாமல் அக்கிண்ணம் தடுக்கிறது. மேற்பாதியிற் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. இதுவே ஓட்டுநர்கள் 'டிம்' எனக் குறிப்பிடும் தாழ்ந்த ஒளி.

தாழ்ந்த ஒளியைச் சுவரின்மேல் வீசச் செய்தால், அதன் மேல்விளிம்பு கோடு கிழித்தாற் போலத் தெரியும். கோட்டுக்குக் கீழே ஒளி, மேலே இருள். இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், இங்குள்ள விளக்குகளில் அக்கோடு இடப்பக்கம் சற்று உயர்ந்து செல்லும். சாலையோரம் நடப்பவரையும், மிதிவண்டியில் செல்பவரையும், வழிகாட்டும் பலகைகளையும் காண அவ்வுயர்வு உதவுகிறது. வலப்புறமாக வண்டி ஓட்டும் நாடுகளுக்கென ஆக்கப்பட்ட விளக்கை வாங்கி இங்குப் பொருத்தினால், உயர்ந்த ஒளி எதிரே வருபவரின் முகத்தில் விழும். விலை குறைவு என்று கருதி அத்தகைய விளக்கை வாங்குதல் பெரும் பிழையாகும்.

கண் கூசுவதால் விளையும் தீங்கைக் கணக்கிட்டுக் காணலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. இருளில் கண்ணின் பாவை விரிந்திருக்கும். பேரொளி பட்டதும் அது விரைந்து சுருங்கும். ஒளி அகன்றபின் மெல்லவே விரியும். அவ்விடைவேளையில் இரண்டு நொடி பார்வை மறைந்தாலும், வண்டி 33 மீட்டர் தொலைவைக் குருடாகவே கடந்துவிடுகிறது. அந்த 33 மீட்டருக்குள் விளக்கில்லாத மாட்டு வண்டி நிற்கலாம். பழுதான லாரி நிற்கலாம். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் நடந்து செல்லலாம்.

ஹாலோஜன் பல்புக்கென அமைந்த ஆடியில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் என்ன நேரும் என்பதும் கருதத்தக்கது. ஆடியின் வளைவு, மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட இடத்தில் எரியும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. எல்.இ.டி. பல்பிலோ ஒளி தகடு போன்ற பரப்பிலிருந்து எழுகிறது. அப்பரப்பு இழை இருந்த இடத்தில், அதே அளவில் அமையாவிடின், கதிர்கள் நெறி தவறிச் சிதறும். வண்டியின் அருகே தரை வெள்ளென ஒளிரும். அதனைக் கண்டு ஓட்டுநர் மகிழ்வார். ஆனால் தொலைவில் விழ வேண்டிய ஒளி குறைந்திருக்கலாம். எதிரே வருபவரின் கண்ணில் படும் ஒளி மிகுந்திருக்கலாம். குறை எல்.இ.டி. ஒளியில் இல்லை, பொருந்தாத இணைப்பில்தான் உள்ளது. அவ்வொளிக்கெனவே ஆடியும் கூடும் அமைந்த முழு விளக்கு நன்கு பயன்படும்.

புதிய விளக்கு வாங்குமுன் பழைய விளக்கு மங்கிய காரணத்தை ஆராய்தல் வேண்டும். பிளாஸ்டிக் மூடி வெயிலில் காய்ந்து மஞ்சள் நிறம் அடைந்திருக்கலாம். அதனைத் தேய்த்து மெருகேற்றினால் இழந்த ஒளியின் பெரும்பகுதி திரும்ப வரும். ஆடியின் பூச்சு உரிந்திருந்தால் எந்தப் பல்பாலும் பயன் இல்லை. விளக்கையே மாற்ற வேண்டும். கம்பி இணைப்பில் துரு ஏறியிருந்தால், பாட்டரியின் மின்னழுத்தம் முழுமையாகப் பல்பை எட்டாது. ஹாலோஜன் பல்புக்கு வரும் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். துருவைச் சுரண்டித் திருகை இறுக்கினாலே போதும் என்னும் நிலையில், புதுப் பல்புக்குப் பணம் செலவிடுவது வீண் அன்றோ?

சிலர் 60 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் பல்பைப் போடுவர். 12 வோல்ட் மின்சாரத்தில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பியில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. ஆகவே, முன்னையதற்கென அமைந்த கம்பியில் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தோன்றும். கம்பியின் உறை இளகும், இணைப்பான் கருகும், தீயும் பற்றலாம். பியூஸ் அடிக்கடி எரிந்துபோவது, அளவு மீறிவிட்டது என்ற எச்சரிக்கை. அவ்விடத்தில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர் காவற்காரனை உறங்கச் செய்பவர் ஆவார். விளக்குக்கான மின்சாரத்தைத் தக்க கம்பியின் வழியாகப் பாட்டரியிலிருந்தே நேரே கொணரலாம். 'ரிலே' என்னும் கருவியையும் பியூஸையும் இடையில் அமைத்தலே முறையாகும். ரிலேயில் சிறு மின்னோட்டம் ஒரு காந்தத்தை இயக்கும். அக்காந்தம் பெரு மின்னோட்டத்துக்கு வழி திறக்கும். இதனால் ஓட்டுநர் கையிலுள்ள சுவிட்சு சூடேறாமல் காக்கப்படும்.

விளக்கைப் பொருத்தும் வேலை பொறுமையை வேண்டுவது. முதலில் என்ஜினை நிறுத்திப் பாட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் முன்புறத் தடுப்பையும் அழிச்சட்டத்தையும் அகற்றினால்தான் விளக்கின் திருகுகள் கைக்கு எட்டும். கழற்றிய திருகுகளை வரிசையாக வைத்தால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் நேராது. ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகுதியாகச் சூடேறிப் பல்பு விரைவில் கெடும். பல்பின் பின்னேயுள்ள ரப்பர் உறை இடைவெளியின்றி அமர வேண்டும். இடைவெளி இருப்பின் மழைநீரும் தூசியும் உட்புகுந்து ஆடியைக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் மூடுமுன் ஒருமுறை விளக்கை எரித்துப் பார்த்தல் நன்று.

பலர் இத்துடன் வேலை முடிந்ததென எண்ணுவர். உண்மையில், ஒளியின் சாய்வைத் திருத்துதலே முடிவான வேலை. வண்டியைச் சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் தொலைவில் நேராக நிறுத்த வேண்டும். டயர்களில் காற்று உரிய அளவில் இருக்க வேண்டும். தரையிலிருந்து விளக்கின் நடுப்பகுதி எவ்வளவு உயரத்தில் உள்ளது என அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு வரைய வேண்டும். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே மற்றொரு கோடு வரைய வேண்டும். தாழ்ந்த ஒளியின் மேல்விளிம்பு இரண்டாம் கோட்டில் நிற்குமாறு விளக்கின் பின்னேயுள்ள திருகைத் திருப்ப வேண்டும். இது நூற்றுக்கு ஒரு பங்கு சாய்வு. வண்டியின் விளக்கருகே வேறு அளவு குறிக்கப்பட்டிருப்பின் அதனையே பின்பற்ற வேண்டும். தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி இச்சாய்வில் 80 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும்.

சரக்கு வண்டிக்கு இங்கே தனிச்சிக்கல் ஒன்று உண்டு. வெறும் வண்டியில் திருத்திய சாய்வு, சுமை ஏறியதும் மாறிவிடுகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியைக் கருதுக. மூட்டைகளின் பாரத்தால் அதன் பின்புறம் 6 சென்டிமீட்டர் தாழ்ந்தால், வண்டி நூற்றுக்கு இரண்டு பங்கு சாய்ந்து முகத்தைத் தூக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு கீழ்நோக்கியிருந்த ஒளி, நூற்றுக்கு ஒரு பங்கு மேல்நோக்கிவிடும். 50 மீட்டருக்கு அப்பால் ஒளியின் விளிம்பு விளக்கைவிட அரை மீட்டர் உயர்ந்து, தரையிலிருந்து 130 சென்டிமீட்டரில் நிற்கும். எதிரே காரில் வருபவரின் கண் அவ்விளிம்புக்குக் கீழே, ஒளியின் நடுவே அகப்பட்டுக்கொள்ளும். ஓட்டுநரோ விளக்கை 'டிம்' செய்ததாகவே நம்பிக்கொண்டிருப்பார்! இக்குறையைப் போக்கவே வண்டிகள் பலவற்றில் ஓட்டுநரின் அருகே ஒளியின் சாய்வை மாற்றும் சிறு திருகுவிசை வைக்கப்பட்டுள்ளது. சுமை ஏற்றியதும் அதனைத் திருப்பி ஒளியைத் தாழ்த்த வேண்டும். அவ்வசதி இல்லாத வண்டியில், வழக்கமாக ஏற்றும் சுமையை வைத்தே சாய்வைத் திருத்துதல் அறிவுடைமை.

முன்னோக்கி ஒளி வீசும் விளக்கு எவர் கண்ணையும் கூசச் செய்யாதவாறு கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கவோ, தாழ்த்தத்தக்கதாக இருக்கவோ வேண்டும் என்பது இந்திய நாட்டின் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின் கருத்து. ஆனால் நள்ளிரவில், ஆளில்லாத நெடுஞ்சாலையில், ஒவ்வொரு வண்டியின் அருகிலும் காவலர் நிற்க இயலாது. அங்கே விதியைக் காப்பது ஓட்டுநரின் மனமே.

எதிரெதிரே இரு வண்டிகள் வருகின்றன. ஒன்றில் காய்கறி மூட்டைகள். மற்றொன்றில் உறங்கும் குழந்தைகள். ஓட்டுநர் இருவரும் ஒருவரையொருவர் அறியார், முகங்கூடக் காணார். எனினும் இருநூறு மீட்டருக்கு முன்பே ஒருவர் தம் விளக்கைத் தாழ்த்துகிறார், மற்றவரும் தாழ்த்துகிறார். இருவருக்கும் சாலையின் ஓரம் தெளிவாகத் தெரிகிறது. வண்டிகள் ஒன்றையொன்று கடக்கின்றன. காய்கறி சந்தையை அடைகிறது. குழந்தைகள் வீட்டை அடைகின்றனர். அந்நொடியில் இருவர் செய்த உதவியை எவரும் அறிவதில்லை. முறையாகப் பொருத்தி, முறையாகச் சாய்வு திருத்திய முகப்பு விளக்கே அவ்வுதவியை இயலச் செய்தது.