கார் லிஃப்ட் ஏன் சத்தம் போடுகிறது?

வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் சாலையோரப் பட்டறைகளிலும் வீட்டோடு சேர்ந்த ஷெட்டுகளிலும் இருக்கும் கார் லிஃப்ட்டுகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். ஒன்று, வாட்டர் சர்வீஸ் கடைகளில் தரைக்குள்ளிருந்து எழும் ஒற்றைத் தூண் லிஃப்ட். கம்ப்ரசர் காற்று ஒரு தொட்டியில் உள்ள ஆயிலை அழுத்த, அந்த ஆயில் ராம் எனப்படும் தூணை மேலே தள்ளும். ராமின் விட்டம் 27 சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தமே ஏறத்தாழ 4 டன்னைத் தூக்கிவிடும். பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதிதான் இது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துப் பீட்டர் லுனாட்டி 1925இல் அதைக் கார் லிஃப்ட்டாக்கினார்.

மற்றொன்று, இரண்டு தூண்களுக்கு நடுவே காரை நிறுத்தித் தூக்கும் டூ போஸ்ட் லிஃப்ட். தூணில் மாட்டிய பவர் பேக்கில் மோட்டார், பம்பு, ஆயில் தொட்டி மூன்றும் இருக்கும். சொந்த ஷெட்டில் லிஃப்ட் போடுகிறவர்கள் இப்போது அதிகம் நாடுவது இதைத்தான். சத்தத்துக்கான காரணங்களும் இதில்தான் கூடுதல்.

சத்தம் எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்று கவனிப்பது நல்லது. டூ போஸ்ட் லிஃப்ட் ஏறும்போது மட்டுமே மோட்டார் ஓடும். இறங்குவது காரின் எடையால். வால்வு திறந்ததும் ஆயில் தொட்டிக்குத் திரும்பிவிடும். ஆகவே ஏறும்போது மட்டும் சத்தம் வந்தால் முதலில் மோட்டாரையும் பம்பையும் பார்க்க வேண்டும். இறங்கும்போதும் வந்தால் தூண், கம்பிவடம், சிலிண்டர் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதித் தேடலைக் குறைத்துவிடும். சோதனை எப்போதும் காரில்லாத வெறும் லிஃப்ட்டில்தான் தொடங்க வேண்டும்.

ஏறும்போது கிறீச்சென்று நீளும் ஊளைச் சத்தம் பம்புக்கு ஆயில் போதவில்லை என்பதன் அறிகுறி. உறிஞ்சும் பக்கம் ஆயில் பற்றாமல் போனால் அங்கே வெற்றிடக் குமிழ்கள் உண்டாகும். அழுத்தப் பக்கம் போனதும் அவை உள்நோக்கி நொறுங்கும். அந்த ஓசையே ஊளையாகக் கேட்கிறது. குமிழ் நொறுங்கும் இடத்தில் உலோகம் புள்ளி புள்ளியாக அரிக்கப்படுவதால், பல மாதம் கேட்டுக்கொண்டே ஓட்டினால் பம்பையே மாற்ற நேரும். ஆயில் அளவை லிஃப்ட்டை முழுதும் இறக்கிய பிறகே பார்க்க வேண்டும். மேலே நிற்கும்போது ஆயில் சிலிண்டருக்குள் இருப்பதால் தொட்டி காலியாகத் தோன்றும். அதை நம்பி ஊற்றினால் இறக்கும்போது வழிந்துவிடும். அளவு சரியாக இருந்தும் ஊளை நிற்காவிட்டால் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது குழாயின் இணைப்பு தளர்ந்து காற்றை இழுக்கலாம். காற்று கலந்த ஆயில் நுரைக்கும்.

ஆயில் எது என்பதும் முக்கியம். பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 32 அல்லது 46 தர ஹைட்ராலிக் ஆயில்தான் பரிந்துரைக்கப்படுகிறது. 40 டிகிரி செல்சியஸில் உள்ள பாகுத்தன்மையையே அந்த எண் குறிக்கிறது. கையில் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றினால் அதன் கெட்டித்தன்மையே ஊளையைக் கிளப்பும். பிரேக் ஆயில் சீல்களைக் கெடுத்துவிடும்.

ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் ஒற்றைத் தூண் லிஃப்ட்டின் குழி நிறைந்துவிடும். தொட்டியின் மூடி, காற்றுத்துளை வழியாக நீர் உள்ளே போகலாம். அப்படியானால் ஆயில் முழுவதையும் வடித்து மாற்றுவதே வழி; மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவது துருவுக்கு இடம் கொடுக்கும்.

மோட்டார் சுழலாமல் உறுமினால் அது ஆயில் கோளாறு அன்று. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டது, அல்லது வோல்டேஜ் மிகக் குறைந்துவிட்டது. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு இந்த உறுமல் நன்றாகத் தெரியும். உடனே அணைக்காவிட்டால் காயில் கருகிவிடும். மோட்டார் சுழன்றும் லிஃப்ட் எழாவிட்டால் முனைகள் மாறி இணைக்கப்பட்டு அது எதிர்ப்பக்கம் சுற்றக்கூடும்.

ஏறும்போது டக் டக்கென்று கேட்பது பாதுகாப்பு லாக் பல்லில் விழும் ஓசை. அது இருக்கத்தான் வேண்டும். இரு தூண்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் இரு பக்கத்தையும் சமப்படுத்தும் கம்பிவடம் தளர்ந்திருக்கிறது. கீச்சுச் சத்தம் புல்லி ஊசியில் கிரீஸ் இல்லாததால் வரும். கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்து துருத்தியிருந்தாலும் அதை மாற்றுவதே முறை. இறங்கும்போது அதிர்ந்து அதிர்ந்து வந்தால், தூணுக்குள் உராயும் நைலான் கட்டைகள் காய்ந்திருக்கலாம், அல்லது சிலிண்டரில் காற்று சிக்கியிருக்கலாம். காற்றை வெளியேற்றும் முறை தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

ஒற்றைத் தூண் லிஃப்ட்டில் சீறல் என்றால் காற்று வால்வோ இணைப்போ கசிகிறது. களகளவென்ற ஓசையோடு லிஃப்ட் திடீரெனத் துள்ளினால் ஆயில் குறைந்து காற்று ராமுக்குள் புகுந்துவிட்டது. இது மிக ஆபத்தான நிலை. லிஃப்ட்டை இறக்கி, காற்றை முழுதும் விட்ட பிறகே தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும்.

தூணின் அடியில் படாரென்று கேட்டாலோ, கான்கிரீட்டில் வெடிப்பு தெரிந்தாலோ, அங்கர் போல்ட் அசைந்தாலோ லிஃப்ட்டைத் தொடாமல் தேர்ந்த மெக்கானிக்கை அழைக்க வேண்டும். பழுது எதுவானாலும் சரிசெய்தபின் வெறும் லிஃப்ட்டைச் சில முறை ஏற்றி இறக்க வேண்டும். அடுத்துக் காரை ஒரு முழம் உயரத்துக்கு மட்டும் தூக்கிச் சற்று நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கார் தானாக இறங்காமல், இரு பக்கமும் லாக்கில் உட்கார்ந்த பிறகே அதன் அடியில் போகலாம்.